ஒரு துள்ளலா, இரண்டா

சிகாகோ
1879 மே 14

அண்ணா,

நீ ஸ்டேஷனுக்கு வரமாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் ஹோலியோக்கில் வண்டி நின்ற ஏழு நிமிஷமும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டுதான் இருந்தேன். அம்மா மட்டும் வந்தாள். சோடா ரொட்டியைத் துணியில் சுற்றிக் கையில் திணித்துவிட்டு, "ஒழுங்கா சாப்பிடுடா, எலும்பு தெரியுது" என்று கத்தினாள். இருபது வருஷம் தறிச் சத்தத்தில் நின்றவளுக்கு, தன் காது மந்தம் என்றால் ஊர்க் காது எல்லாம் மந்தம் என்று நினைப்பு. பிளாட்ஃபாரமே திரும்பிப் பார்த்தது. ரயிலுக்குள் பையன்கள் எல்லாரும் "எலும்பு, எலும்பு" என்று சிகாகோ வரைக்கும் என்னை ஓட்டிக்கொண்டு வந்தார்கள்.

நம் பேஸ்பால் கிளப்பில் உன் இடத்தில் இப்போது ஸ்டாட்லர் என்று ஒருவன் பந்து எறிகிறான். நல்லவன்தான், ஆனால் தலைக்குள் ஒன்றும் கிடையாது. நீ எறியும்போது, மட்டைக்காரனுக்குப் பின்னால் நின்று பிடிக்கிற என் கைக்குப் பந்து எங்கே வரும் என்று முன்னமே தெரியும். இவன் பந்து வந்து சேர்ந்த பிறகுதான் தெரிகிறது, அதுவும் விரல் வீங்கின பிறகு. வலது மோதிர விரல் போன வாரம் மூட்டிலிருந்து விலகிவிட்டது. நானே இழுத்து உட்காரவைத்து மிச்ச ஆட்டத்தை ஆடினேன். கூட்டம் கை தட்டியது.

அந்த விஷயத்தைப் பற்றி மிஸ்டர் க்ரூவிடம் பேசத்தான் போகிறேன். சீசன் நடுவில் கிளப் தலைவரிடம் போய் நின்றால் நன்றாக இருக்காது. கொஞ்சம் பொறு. என்மேல் கோபம் இருந்தால் அம்மாவிடம் காட்டாதே.

ஹியூ


ஹோலியோக்
1879 ஜூன் 2

ஹியூ,

"அந்த விஷயம்" என்று எழுதியிருக்கிறாய். உனக்கு மறந்துபோயிருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். நீ இதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டாலும் சரி.

போன செப்டம்பர், கடைசி ஆட்டம். ஜெயித்தால் அந்த வருஷச் சாம்பியன் கொடி நம் பச்சைக் காலுறை கிளப்புக்கு. கடைசிச் சுற்று, நாம் ஒரு ரன் முன்னால், அவர்களில் இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் பேஸில். நான் எறிந்த பந்து மட்டையின் மேல்விளிம்பில் பட்டு உனக்குப் பின்னால், வேலிப் பக்கம் போய் விழுந்தது. நீ ஓடிப்போய் எடுத்தாய். அப்படிப் பின்னால் போகிற பந்தை ஒரே துள்ளலில் பிடித்தால் ஆட்டக்காரன் அவுட், இரண்டு துள்ளிவிட்டால் அவுட் இல்லை. வேலியோரம் நின்ற வண்டிக் குதிரைகள் கிளப்பிய புழுதியில் அம்பயருக்குக் கண் தெரியவில்லை. வழக்கப்படி உன்னிடமே கேட்டார். "கண்ணுல மண்ணு விழுந்துடுச்சுப்பா. நீயே சொல்லு, ஒண்ணா ரெண்டா?"

நீ "ஒண்ணு" என்றாய். அவர்கள் ஆட்கள் எல்லாம் கத்தினார்கள். உடனே அவர் என் பக்கம் திரும்பி, "மலாக்கி, உன் வாய்ச்சொல்லை நான் எடுத்துக்கறேன்" என்றார். நான் உனக்குப் பின்னாலேயே ஓடி வந்திருந்தேன். பத்தடி தூரம்கூட இல்லை. "ரெண்டு" என்றேன்.

அடுத்த பந்தில் அவன் அடித்தான். நாம் தோற்றோம். அதற்காக நான் உன்மேல் குறைப்படவில்லை. ஆட்ட நடுவில், மூச்சு வாங்குகிற நேரத்தில் எவன் வாயிலும் பொய் வரும். சாயங்காலம் க்ரூவின் அறையில் உனக்கு மூச்சு வாங்கவில்லை. "சொந்தக் கிளப்புக்கு எதிரா, சொந்தத் தம்பிக்கு எதிரா ஒருத்தன் வாயைத் திறக்கறான்னா சும்மாவா திறப்பான்? எந்தச் சூதாடிகிட்ட வாங்கினே?" என்று என்னைக் கேட்டுவிட்டு, அந்த ஆள் உன்னைப் பார்த்தார். "நீ சொல்லு. ஒண்ணா ரெண்டா?" மேஜையில் உன் அடுத்த வருஷத்து ஒப்பந்தம் கிடந்தது. மைப்புட்டி திறந்திருந்தது. நீ அந்த மைப்புட்டியைப் பார்த்துக்கொண்டு "ஒண்ணு" என்றாய்.

ஆட்டத்தை விற்றவன் என்று என் பெயரை எல்லாக் கிளப்புக்கும் எழுதி அனுப்பிவிட்டார்கள். இனி எந்த மைதானத்துக்குள்ளும் நான் காலை வைக்கக்கூடாது. வேடிக்கை பார்க்கக்கூட.

காகித மில்லில் கந்தல் பிரிக்கிற அறையில் வேலை பார்க்கிறேன். சாயங்காலம் வாய்க்கால் ஓரத்துச் செங்கல் சுவரில் சுண்ணாம்பால் சதுரம் போட்டு நூறு பந்து எறிகிறேன். கை இன்னும் நன்றாக இருக்கிறது. எனக்கு இருபத்தாறு வயதுதான் ஆகிறது. உன்னிடம் நான் கேட்பது ஒரே ஒரு வார்த்தை. "ரெண்டு" என்று க்ரூவிடம் சொல். அவ்வளவுதான்.

மலாக்கி


பச்சைக் காலுறை கிளப் அலுவலகம்
1879 அக்டோபர் 9

அண்ணா,

அவர் அறை வாசல் வரைக்கும் போனேன். சத்தியமாகப் போனேன். கதவுக்கு வெளியே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கதவு தானே திறந்தது. "ஹியூ! உன்னையேதான் தேடிட்டிருக்கேன்" என்று தோளில் கை போட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனார். லீக்கில் ஒரு புது ஏற்பாடாம். ஒவ்வொரு கிளப்பும் ஐந்து பேரைத் தனக்கென்று பிடித்து வைத்துக்கொள்ளலாம், வேறு கிளப் அவர்களைத் தொடக்கூடாது. அந்த ஐந்தில் என் பெயரும் இருக்கிறது. மாட்டுக்குச் சூடு போட்ட மாதிரிதான், ஆனால் பெருமை என்று எல்லாரும் கை கொடுக்கிறார்கள்.

அந்த நேரத்தில் எப்படிச் சொல்வேன்? நீயே என் இடத்தில் இருந்து பார். இல்லை, பார்க்காதே. நீ இருந்திருந்தால் சொல்லியிருப்பாய். அதுதான் உன்னோடு இருக்கிற கஷ்டம். சின்ன வயதில் ஜாம் ஜாடியை உடைத்தது நான், அம்மா கேட்டதும் போட்டு உடைத்தது நீ. உன் பக்கத்தில் நின்றால் யாரும் அழுக்காகத்தான் தெரிவார்கள்.

அடுத்த வருஷம் நிச்சயம். நான் கிளப்பில் இன்னும் கொஞ்சம் ஊன்றிக்கொண்ட பிறகு சொன்னால் என்னையும் துரத்த மாட்டார்கள். இரண்டு பேரும் வெளியே நின்றால் அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள், சொல்.

ஹியூ


ஹோலியோக்
1880 ஆகஸ்ட் 23

ஹியூ,

நான் ஊரில் இல்லை என்று அம்மா உனக்கு எழுதச் சொல்லி யாரிடமோ சொல்லியிருப்பாள். திரும்பி வந்துவிட்டேன். எங்கே போனேன் என்று நீயும் தெரிந்துகொள்.

பென்சில்வேனியாவில் ஒரு நிலக்கரி ஊர். லீக்குக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. ஜார்ஜ் பீல் என்று பெயரை மாற்றிச் சொல்லிச் சேர்ந்தேன், தாடி வைத்துக்கொண்டேன். ஏழு ஆட்டம் எறிந்தேன். ஏழிலும் ஜெயித்தோம். சுரங்கத்துக்காரர்கள் குழந்தைகளைத் தோளில் தூக்கிவந்து என்னைக் காட்டினார்கள். மூன்று வாரம் நான் மனுஷனாக இருந்தேன்.

எட்டாவது ஆட்டத்தில் ரயிலில் வந்த ஒரு விற்பனைக்காரன் வேலியோரம் நின்று பார்த்தான். பந்தை விடுமுன் நான் இடது காலை ஒரு தடவை தேய்ப்பேன் இல்லையா, அதை அவன் முன்பு எங்கேயோ பார்த்திருக்கிறான். "ஏய், அது பீல் இல்லைய்யா. ஆட்டத்தை வித்தானே, அந்த கில்ராய்!" என்று கத்தினான். குழந்தைகளுக்கு என்னைக் காட்டினவர்களே கரித்துண்டால் எறிந்தார்கள். நெற்றியில் மூன்று தையல்.

ஒரு பாட்டம் அழுதேன், ஹியூ. உன்னிடம் சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை. பெயரை மாற்றலாம், தாடி வளர்க்கலாம், காலை என்ன செய்வது? இந்தக் கையில் இன்னும் நாலு வருஷம் இருக்கும், மிஞ்சினால் ஐந்து. அதை நீ வைத்திருக்கிறாய்.

மலாக்கி


புராவிடன்ஸ்
1882 ஏப்ரல் 30

அண்ணா,

பிரிஜிட் அண்ணிக்கும் குழந்தைக்கும் என் அன்பு. நோரா என்று பெயர் வைத்ததாக அம்மா எழுதச் சொல்லியிருந்தாள். கல்யாணத்துக்கும் வரவில்லை, இதற்கும் வரவில்லை என்று திட்டாதே. ஏப்ரலில் எவன் விடுவான்?

ஒரு செய்தி. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். இந்த வருஷத்திலிருந்து அம்பயர்கள் ஆட்டக்காரர்களை எதுவும் கேட்கக்கூடாதாம். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும், பார்க்காவிட்டால் பார்க்கவில்லை. யாருடைய வாய்ச்சொல்லும் இனி வேண்டாமாம். கிழட்டு அம்பயர் ஒருவர் என்னிடம் சொல்லிவிட்டுச் சிரித்தார். "உங்க பயலுகள நம்பி நம்பி நாங்க பட்டது போதும்டா சாமி."

எனக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. இனி எவனுக்கும் நமக்கு நடந்தது நடக்காது இல்லையா? அது ஒரு நல்லதுதானே?

கிளப் இந்த வருஷத்தோடு கலைந்துவிடும் என்று பேச்சு. க்ரூவுக்குக் கல்லீரல் சரியில்லை. கலைந்தால் நான் வேறு கிளப்புக்குப் போவேன். அங்கே போய் நிலைத்த பிறகு எழுதுகிறேன். அதையும் எழுதுகிறேன்.

ஹியூ


ஹோலியோக்
1883 ஜூன் 19

ஹியூ,

தந்தி உனக்குச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. நீ செயின்ட் லூயிஸில் இருப்பதாக செய்தித்தாளில் பார்த்து அங்கே அனுப்பினேன். மூன்று நாள் பார்த்தோம். வெயிலில் அதற்குமேல் வைத்திருக்க முடியவில்லை. அம்மாவை நேற்றுக் காலை அடக்கம் செய்தோம்.

நெஞ்சில் சளி. அவ்வளவுதான் டாக்டர் சொன்னார். மில் பஞ்சு முழுக்க அவள் நெஞ்சுக்குள் இருந்திருக்கும். கடைசி நாள் நினைவு நன்றாக இருந்தது. பாதிரியார் வந்து போன பிறகு என் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்தாள். ஐந்து வருஷமாக அவள் என்னிடம் கேட்காத கேள்வியைக் கேட்டாள். "மலாக்கி, சாமி சாட்சியா சொல்லு. அன்னிக்கி அது ஒண்ணா ரெண்டா?"

நான் பதில் சொன்னேன். காது கேட்கவில்லை என்று மறுபடி கேட்டாள். மறுபடியும் சொன்னேன், சத்தமாக. பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். தலையாட்டிக்கொண்டாள். அப்புறம் பேசவில்லை.

அவளுடைய ஜபமாலையை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

மலாக்கி


செயின்ட் லூயிஸ்
1883 ஜூலை 1

மலாக்கி,

தந்தி வந்தது. வந்த அன்று இரண்டு ஆட்டம். எங்களிடம் மாற்று கேட்சர் கிடையாது. மேனேஜர் "ரெண்டு நாள் கழிச்சுப் போய்க்கோ" என்றான். இரண்டாவது ஆட்டத்தில் எனக்குக் கண் தெரியவில்லை, மூன்று பந்தை விட்டேன். கூட்டம் ஊளையிட்டது. என் அம்மா செத்துக் கிடக்கிறாள் என்று அவர்களுக்கு யார் சொல்வது?

நான் வராததற்கு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள். ஆனால் நீ செய்தது? சாகப்போகிறவளிடம் போய் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறாய். ஒரு தடவை போதாதென்று கத்திவேறு சொல்லியிருக்கிறாய். அவளுக்கு என்னைப் பற்றி ஒரே ஒரு பெருமை இருந்தது. அதையும் பிடுங்கி வழியனுப்பியிருக்கிறாய். உன் உண்மையைக் கொண்டுபோய் எங்கே வைத்துக்கொள்ளப் போகிறாய்?

நான் கெட்டவன், ஒப்புக்கொள்கிறேன். க்ரூவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை, புதுக் கிளப்பிலும் வரவில்லை. ஆனால் அம்மாவின் படுக்கையில் என்னிடம் கேட்டிருந்தால் உனக்காக நான் பொய் சொல்லியிருப்பேன். நமக்குள் அதுதான் வித்தியாசம்.

ஜபமாலை வேண்டாம். எனக்கு இனி எழுதாதே.

ஹியூ கில்ராய்


ஹோலியோக்
1888 மார்ச் 4

ஹியூ,

எழுதாதே என்றாய், எழுதவில்லை. இது நோராவுக்காக. ஆறு வயதாகிறது, சொன்னால் கேட்க மாட்டாள்.

சிகரெட் பெட்டியில் போட்டுத் தருகிறார்களே படச் சீட்டு, அதில் உன் படம் அவளுக்குக் கிடைத்தது. யாரோ மில்லில் கொடுத்திருக்கிறார்கள். நீ குனிந்து பந்தைப் பிடிப்பது போல. அதைக் கட்டிலுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறாள். "சித்தப்பா பந்தைப் பிடிச்சுட்டாரா, இல்ல இனிமேதான் பிடிப்பாரா?" என்று நாலு நாள் யோசித்தாள். ஐந்தாவது நாள் நாற்காலி போட்டு ஏறி மூக்கு ஒட்டப் பார்த்துவிட்டு, "அப்பா, பந்துல நூல் கட்டித் தொங்க விட்டிருக்காங்க" என்று கண்டுபிடித்துவிட்டாள். உனக்குக் கேட்டு எழுதச் சொன்னாள், ஏன் நூல் என்று.

"நீங்களும் ஆடினீங்களாமே?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

சுவரில் எறிவதை நிறுத்தி மூன்றரை வருஷம் ஆகிறது. 1884 அக்டோபரில் ஒரு சாயங்காலம், அறுபதாவது பந்தோ அறுபத்தொன்றோ, தோளுக்குள் துணி கிழிகிற சத்தம் கேட்டது. பந்து சுவர் வரைக்கும் போகவில்லை. போய் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதனால் நீ இனிமேல் அவசரப்பட வேண்டியதில்லை.

மலாக்கி


மில்வாக்கி
1888 மார்ச் 20

நோராக் கண்ணுக்கு,

போட்டோ பிடிக்கிறவரின் அறை நம் சமையலறை அளவுதான் இருக்கும். அங்கே யாரும் பந்து எறிய முடியாது. அசையாமல் நிற்க வேண்டும் வேறு. அதனால் கூரையிலிருந்து நூலில் கட்டித் தொங்கவிட்டு, "பிடிக்கற மாதிரி மூஞ்சிய வெச்சுக்க" என்றார். நீ மட்டும்தான் கண்டுபிடித்தாய். இங்கே பெரிய பெரிய ஆட்களுக்கெல்லாம் தெரியவில்லை.

இன்னொரு ரகசியம். நாங்கள் இப்போது கையுறை போட்டுக்கொண்டு பிடிக்கிறோம். உள்ளே ஒரு துண்டு மாட்டிறைச்சியை வைத்துக்கொள்வேன், மெத்தென்று இருக்கும். ஒன்பதாவது சுற்றில் வருகிற நாற்றத்தில் எதிர்க்கட்சி ஆட்டக்காரன் ஓடியே போய்விடுவான்.

உன் அப்பா ஆடவில்லை என்று சொன்னது பொய். இந்த நாட்டில் அவரைவிட நன்றாகப் பந்து எறிந்தவன் கிடையாது. நான்தான் பிடித்தேன், எனக்குத் தெரியும்.

அண்ணா, உன் கடிதத்தைப் பத்து நாளாகச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். தோளைப் பற்றி எழுதின வரியை மட்டும் படிக்க முடியவில்லை.

ஹியூ


ஈரீ, பென்சில்வேனியா
1893 ஆகஸ்ட் 11

அண்ணா,

என்னை அனுப்பிவிட்டார்கள், ஒரு மாதம் ஆகிறது. அன்று காலையில் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மேனேஜர் வந்து எதிரே உட்கார்ந்து, "ஹியூ, பையைக் கட்டிக்கப்பா" என்றார். எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. இந்த வருஷம் எறிகிற இடத்தை இன்னும் பின்னால் தள்ளிவிட்டார்கள், நான் இரண்டாவது பேஸுக்குப் பந்தை எறிய வேண்டிய தூரம் மட்டும் அப்படியே இருக்கிறது, என் கைதான் குறைந்துவிட்டது. பதினாறு வருஷம், ஒன்பது கிளப். பத்து விரலில் ஏழு உடைந்து கோணிக்கொண்டது. காலர் பித்தானை ஹோட்டல் வேலைக்காரிதான் போட்டுவிடுகிறாள்.

அன்று மத்தியானமே நேராகப் போய்ச் செய்தித்தாள்காரன் ஒருவனைப் பிடித்துச் சொல்லிவிட்டேன். முழுக்கச் சொன்னேன். புழுதி, வேலி, அம்பயர், க்ரூவின் மைப்புட்டி எல்லாம். "அது ரெண்டு துள்ளல். எனக்குத் தெரிஞ்சே பொய் சொன்னேன். என் அண்ணன் ஆட்டத்தை விக்கல" என்றேன். வேலை இருக்கிறவரை வாயைத் திறக்காமல், வேலை போன அன்றுதான் திறந்தேன். நீ எழுதுமுன் இதை நானே எழுதிவிடுகிறேன்.

அந்தப் பையனுக்கு இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். பென்சிலை வைத்துவிட்டு, "ஒரு நிமிஷம் சார். துள்ளின பந்தைப் பிடிச்சா அவுட்டா? அப்படியெல்லாமா ஆடினீங்க?" என்று கேட்டான். அவனுக்கு அந்த விதி இருந்ததே தெரியவில்லை. பத்து வருஷமாக இல்லையே. "அம்பயர் உங்களையே கேட்பாரா? நீங்களும் சொல்வீங்களா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

செய்தித்தாள் துண்டை இதோடு வைத்திருக்கிறேன். "பழைய கால வேடிக்கைகள்" என்று தலைப்புப் போட்டு, பந்தை விழுங்கின நாய்க்கதைக்குக் கீழே போட்டிருக்கிறான். உன் பெயரை மைக்கேல் என்று அச்சடித்துவிட்டார்கள். திருத்தச் சொல்லி எழுதினேன். பதில் இல்லை.

க்ரூ செத்து ஐந்து வருஷமாகிறது. அதனால் லீக் அலுவலகத்துக்கும் எழுதினேன், உன் தடையை எடுக்கச் சொல்லி. அந்தப் பதிலையும் வைத்திருக்கிறேன். நீ படிக்க வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம், மறைத்த வரைக்கும் போதும் என்று தோன்றியது. பச்சைக் காலுறை கிளப் 1882-ல் கலைந்த அன்றே, அது விதித்த தடைகளும் போய்விட்டனவாம். "யாராவது கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்போம்" என்று எழுதியிருக்கிறார்கள்.

1882, அண்ணா. உன் தோள் போனது 1884. ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்களே என்று பயந்தேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல். எதுவானாலும் செய்கிறேன்.

ஹியூ


ஹோலியோக்
1893 செப்டம்பர் 3

ஹியூ,

இரண்டையும் படித்தேன். நாய்க்கதையையும் படித்தேன். நோராவுக்கு நாய்க்கதைதான் பிடித்திருந்தது.

லீக்காரர்களின் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போன சனிக்கிழமை நோராவை ஸ்பிரிங்ஃபீல்டுக்கு ஆட்டம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு சொந்தப் பெயரோடு மைதானத்துக்குள் போகிறேன். வாசலில் யாராவது தடுத்தால் என்ன சொல்ல வேண்டும், கடிதத்தை எப்படி எடுத்துக் காட்ட வேண்டும் என்று ரயிலில் வரி வரியாக யோசித்து வைத்திருந்தேன். டிக்கெட்காரன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பாதியைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டு, "நகருங்க, நகருங்க" என்றான். யாராவது என்னைத் தடுத்திருக்கலாம் என்று இருந்தது. என்னைத் தெரிந்தவன் ஒருவனாவது இருந்திருக்கலாம்.

நாலாவது சுற்றிலோ என்னவோ ஒரு பந்து மட்டை விளிம்பில் பட்டுப் பின்னால் வேலிப் பக்கம் போனது. கேட்சர் ஓடவே இல்லை. அது தானே குதித்துப் போய் நின்றது. நான் என்னை அறியாமல் எழுந்து நின்று, "ரெண்டு" என்று சொல்லிவிட்டேன். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நோரா கையைப் பிடித்து இழுத்தாள். "எதுக்குப்பா எண்ணுறீங்க?" பழக்கம் என்று சொல்லி உட்கார்ந்தேன். அதற்குமேல் அங்கே எனக்கு எதுவும் தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன், வெயில் என்று நினைத்திருப்பாள்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாய். செய்தித்தாள்காரனும் லீக்கும் எனக்கு வேண்டாம். அவர்களுக்கு நான் மைக்கேலாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

பத்து வருஷத்துக்கு முன் நீ செயின்ட் லூயிஸிலிருந்து ஒரு கடிதம் எழுதினாய். அம்மாவிடம் உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று. நான் அதற்குப் பதில் எழுதவில்லை. அன்றைக்குக் கோபம், அப்புறம் எழுதி என்ன என்று இருந்தது. இப்போது எழுதுகிறேன். அவள் கேட்டபோது அவள் கண் என் முகத்தில் இல்லை, ஹியூ. சுவரில் மாட்டியிருந்த உன் கிளப் படத்தில் இருந்தது. அவளிடம் நான் "ஒண்ணு" என்று சொன்னேன். மறுபடி கேட்டாள், மறுபடியும் "ஒண்ணு" என்றுதான் கத்தினேன். என் வாழ்நாளில் நான் சொன்ன பெரிய பொய் அதுதான். சாமி சாட்சியாகச் சொன்ன பொய். என் சட்டையை விட்டுவிட்டாள். அதன் பிறகு என் பக்கம் திரும்பவில்லை. நான் ஆட்டத்தை விற்ற திருடன் என்று நினைத்துக்கொண்டுதான் நம் அம்மா செத்தாள்.

எல்லாரும் அப்படி நினைத்ததை என்னால் தாங்க முடிந்தது. இதை முடியவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கல்லறைக்குப் போகிறேன். நானே அதை மாற்றிச் சொல்லலாம் என்று பார்க்கிறேன், வாய் வரவில்லை. நான் சொன்னால் அவள் நம்பவும் மாட்டாள்.

அதனால் நீ வா. ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு வரவேண்டாம், முதலில் அங்கே போ. மேட்டில் மூன்றாவது வரிசை, மேப்பிள் மரத்தை ஒட்டி. கிட்டே போய்க் குனிந்து, "ரெண்டு" என்று சொல். அப்புறம் வீட்டுக்கு வா, நோரா காத்திருக்கிறாள். காலர் பித்தானை அவள் போட்டுவிடுவாள்.

மெதுவாகச் சொல்லிவிட்டு வந்துவிடாதே. அவளுக்குக் காது கேட்காது. சத்தமாகச் சொல்.

மலாக்கி